பிராதுலேயே முடிஞ்சுபோற வழக்கு

வணக்கம். கோர்ட்ல இருந்து சம்மன் வந்ததும் வீடே இடிஞ்சுபோய் உக்காந்துடும், இனி எத்தனை வருஷம் அலையணுமோன்னு, வக்கீலா நான் அடிக்கடி பாக்குறது இது. ஆனா எல்லா சிவில் வழக்கும் விசாரணை வரைக்கும் போயே ஆகணும்னு இல்லைங்க. 1908-ம் வருஷ உரிமையியல் நடைமுறைச் சட்டத்துல ஏழாவது கட்டளை பதினோராவது விதி, நாங்க சுருக்கமா செவன் லெவன்னு சொல்லுவோம், அதுப்படி ஒரு சாட்சிகூட கூண்டுல ஏறாம பிராதையே, அதாவது வழக்கு போடறவர் கோர்ட்ல கொடுக்கற மனுவையே, நிராகரிக்கலாம்.

எப்போன்னா, வழக்கு போடுறதுக்கான காரணமே, அதாவது வழக்கு மூலமே, பிராதுல இல்லன்னா. மதிப்பைக் குறைச்சுக் காட்டியோ கோர்ட் ஃபீஸ் கம்மியா கட்டியோ, சரி பண்ண டைம் கொடுத்தும் பண்ணலன்னா. இந்த வழக்கே செல்லாதுன்னு ஏதாவது ஒரு சட்டம் தடுத்திருந்தா. நகல் தராதது மாதிரி சின்னச் சின்ன காரணமும் உண்டு.

சட்டம் தடுக்கறதுல காலாவதிதான், அதாவது வழக்கு போடற கெடு தாண்டிப்போறதுதான், அதிகமா வருது. 2020ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு ஒண்ணு, குஜராத்ல ஒரு நிலம், 2009 ஜூலைல கிரயம் ரிஜிஸ்டர் ஆயிடுச்சு, வித்தவங்க 2014 டிசம்பர்ல வந்து பேசின பணத்துல பெரும்பகுதி வரவே இல்ல, பத்திரத்தை ரத்து பண்ணுங்கன்னு கேக்குறாங்க. பணம் வரலங்கறது அப்பவே தெரியுமே, ரத்து கேக்க மூணு வருஷம்தானே கெடு? பாக்கிப் பணத்துக்கு கேஸ் போட்டிருக்கலாம், பாக்கி இருக்குங்கறதுக்காக கிரயம் செல்லாம போகாதுன்னு சொல்லி பிராதை நிராகரிச்சது சரின்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. சாமர்த்தியமா எழுதி வழக்கு மூலம் இருக்கற மாதிரி காட்டினா முளையிலேயே கிள்ளணும்னு சுப்ரீம் கோர்ட் ஜட்ஜா இருந்த ஜஸ்டிஸ் கிருஷ்ணய்யர் 1977லயே சொன்னதுதான் இது.

இப்போ முக்கியமான விஷயம். ஒருத்தர் பை நிறைய பட்டா, வில்லங்கம், வரி ரசீதுன்னு கொண்டாந்து மேஜைமேல பரப்பி, "இதைக் காட்டுனா இன்னிக்கே கேஸ் முடிஞ்சிடும்ல சார்"னு கேட்டாரு. முடியாதுங்க. செவன் லெவன்ல ஜட்ஜ் பாக்குறது எதிராளி எழுதின பிராதும் அதோட அவர் போட்ட டாக்குமெண்டும் மட்டும்தான், அதுல இருக்கறது அத்தனையும் உண்மைன்னே வெச்சுக்கிட்டாலும் வழக்கு நிக்குமா நிக்காதா, அவ்வளவுதான் கேள்வி. உங்க ரசீது எவ்வளவு பலமா இருந்தாலும் அதுக்கு இடம் விசாரணைதான். எனக்கு இது நியாயமாத்தான் படுது, ஏன்னா எதிர்ல நிக்கிறவர் நிஜமாவே ஏமாந்தவரா இருக்கலாம், அவரை சாட்சி சொல்லவிடாம வாசல்லயே திருப்பி அனுப்பறது லேசான காரியமா? நாள் கடத்தறதுக்குன்னே, பிராதை நிராகரிங்கன்னு இந்த செவன் லெவன் மனு போடறவங்களப் பாத்தா எனக்கு வேதனையா இருக்கு.

பிராது நிராகரிச்சாச்சுன்னா அது டிக்ரி, அதாவது கோர்ட்டோட முடிவான தீர்ப்பு மாதிரி, அப்பீல் போகலாம், குறையைச் சரிபண்ணி புதுசாவும் போடலாம், கெடு தாண்டாம இருந்தா. பிரதிவாதியா இருக்கறவங்க, மனு போட்டாச்சேன்னு எதிருரையை, அதாவது பிராதுக்கு எழுத்துல கொடுக்கற பதிலை, விட்டுடாதீங்க. சம்மன் கைக்கு வந்த நாள்ல இருந்து 30 நாள், கோர்ட் நீட்டிச்சுக் கொடுத்தா 90 வரைக்கும், அந்த தேதியை சம்மன் மேலேயே பேனாவால எழுதி வெச்சுக்குங்க.