எல்லை தாண்டாதவளின் கதையும் புலம்பெயர்ந்தோர் கதைதான்

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். அமெரிக்காவில் வாழும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரின் புனைகதைகளில் புலம்பெயர்ந்த வாழ்வு உண்மையாகத் தெரிவது எல்லை தாண்டும் பயணத்திலா, அதற்குப் பிறகு வரும் அன்றாடத்திலா? அன்றாடத்தில்தான் என்கிறது எங்கள் அணி.

எதிரணியில் பேசிய அம்மா, 2020 ஜனவரியில் வந்த ‘அமெரிக்கன் டர்ட்’ நாவலைச் சொன்னார். போதைக் கும்பலுக்குத் தப்பி ஒரு தாயும் மகனும் மெக்சிகோவிலிருந்து சரக்கு ரயிலின் கூரையேறி வடக்கே அமெரிக்காவுக்குப் போகும் கதை. விறுவிறுப்புக்குக் குறைவில்லை. ஆனால் அம்மா, அந்த நாவலை மிகக் கடுமையாக எதிர்த்தவர்கள் யார்? மெக்சிக வம்சாவளி எழுத்தாளர்கள்தானே! தங்கள் மக்களின் துயரம் பரபரப்புக்குத் தீனியாகிவிட்டது என்பதுதான் அவர்கள் வருத்தம்.

ஹெலேனா மரியா விரமோன்டெஸ் 1995இல் எழுதிய ‘அண்டர் தி ஃபீட் ஆஃப் ஜீசஸ்’ நாவலுக்கு வாருங்கள். கலிபோர்னியாவில் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பழம் பறிக்கும் கூலிக் குடும்பம். விமானத்திலிருந்து தெளித்த பூச்சிமருந்து மேலே பட்டு, அலெஹோ என்ற பையன் படுத்துவிடுகிறான். கிளினிக்குக்குக் கொண்டுபோகிறார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லும் நர்ஸ், ஃபீஸையும் வாங்கிக்கொள்கிறார். இருந்ததே 9 டாலர் 7 சென்ட். இனி பெட்ரோலுக்கு எங்கே போவது? காசுக்குப் பதில் இங்கே ரிப்பேர் வேலை செய்து தருகிறேன் என்று குடும்பத்துப் பெரியவர் கேட்டுப் பார்க்கிறார். நடக்கவில்லை. எஸ்த்ரெயா என்ற சிறுமி வண்டியிலிருந்து கடப்பாரையை எடுத்துவந்து மேசைமேல் ஓங்கி அடித்து, அந்தக் காசைத் திரும்ப வாங்குகிறாள்.

இவள் எந்த எல்லையையும் தாண்டியவள் இல்லை, நடுவர் அவர்களே. அமெரிக்காவில் பிறந்தவள். அவளுடைய பிறப்புச் சான்றிதழை அவள் தாய் இயேசு சிலையின் காலடியில் பத்திரமாக வைத்திருக்கிறாள். அப்படியும் குடியேற்ற அதிகாரிகளைப் பற்றிய பயம் அந்த வீட்டை விடவில்லை. எந்த ரயில் காட்சி இதைச் சொல்லிவிடும்?

எல்லைப் பாலைவனத்தில் தாகத்தால் செத்தவர்களின் வலியை நான் குறைத்துப் பேசவில்லை. அதுவும் எழுதப்பட வேண்டியதே. ஆனால் பயணம்தான் அளவுகோல் என்றால், அமெரிக்க ஆட்சியிலுள்ள கரீபியன் தீவான புவேர்ட்டோ ரிக்கோவின் மக்களை என்ன செய்வது? 1917 முதல் அவர்கள் அமெரிக்கக் குடிமக்கள். கடக்க எல்லையே இல்லாதவர்கள். நிக்கலசா மோரின் ‘நில்டா’, 1973இல் வந்த நாவல், நியூயார்க்கில் வளரும் அப்படியொரு வீட்டுப் பெண்ணின் கதை. போர்க்காலம், வறுமை, அவளை இளக்காரமாகப் பார்க்கும் ஊர். அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர், நில்டாவுக்குத் தன் கணக்கில் எங்கே இடம் என்று சொல்லட்டும்.