சுவர் இருந்தால்தான் சித்திரம்

(நியூ ஜெர்சியில் தமிழ்க் குடும்பங்களின் விளையாட்டு விழாவில் பேசியது)

அவைத் தலைவர் அவர்களே, நம் அழைப்பை ஏற்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நகர மன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, போன வருடம் ஐந்து நிமிடம் என்று சொல்லி இருபது நிமிடம் பேசவிட்ட செயலாளர் ஐயா அவர்களே, பின்னால் போண்டா போட்டுக்கொண்டிருக்கும் சமையல் குழுவினரே, சனிக்கிழமைத் தூக்கத்தைத் துறந்து வந்திருக்கும் பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

அடிக்கடி காயம்படும் அமெரிக்கன் ஃபுட்பால் வீரருக்குக் கோடிகளைக் கொட்டலாமா? இதுதான் எனக்குக் கொடுத்த தலைப்பு. மூன்று விஷயம் சொல்கிறேன்: சம்பள உச்சவரம்பு, போனஸ் கணக்கு, ஒப்பந்தத்தில் எழுத வேண்டிய பாதுகாப்பு விதிகள்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பார்கள். என்.எஃப்.எல். என்ற அமெரிக்கன் ஃபுட்பால் லீக்கின் முதலாளிகள் சித்திரத்துக்கு விலை பேசிவிடுகிறார்கள், சுவரைத் தட்டிப் பார்ப்பதில்லை. 2023இல் ஒரு அணி தன் வீரர்கள் சம்பளத்துக்குச் செலவழிக்க உச்சவரம்பு 22.48 கோடி டாலர். காயம்பட்டுப் படுத்திருப்பவர் சம்பளமும் அதில்தான் சேரும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதற்கான போனஸை முன்கூட்டியே கொடுத்துவிட்டு, கணக்கில் மட்டும் ஐந்து வருடம் வரை பிரித்து எழுதலாம். இடையில் ஆளை அனுப்பினால், எழுதாத பாக்கி உச்சவரம்புக் கணக்கின் தலையில் வந்து விழும். ‘டெட் மணி’ என்பது அதுதான்.

சாம் பிராட்ஃபோர்டு என்ற வீரருக்குக் கல்லூரியிலேயே தோள்பட்டைக் காயம். ஆனாலும் 2010இல் ராம்ஸ் அணி 5 கோடி டாலருக்கு உத்தரவாதம் கொடுத்தது. 2013இல் இடது முழங்கால் போயிற்று. 2014இல் அதே முழங்கால் மறுபடியும்!

சரி, நம்ம ஊர் கதைக்கு வருகிறேன். 2023 செப்டம்பர் 11, மெட்லைஃப் மைதானம். அங்கே ஆடும் ஜெட்ஸ் அணியின் ரசிகர்கள் எத்தனை வருடமாக ஒரு நல்ல குவார்ட்டர்பேக்குக்கு, அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவருக்கு, ஏங்கியவர்கள்! ஆரன் ராஜர்ஸ், 39 வயது, இரண்டு வருடத்துக்கு 7.5 கோடி டாலர். அமெரிக்கக் கொடியைப் பிடித்துக்கொண்டு ஓடி வருகிறார். மைதானமே எழுந்து நிற்கிறது. பக்கத்து இருக்கைக்காரர் யாரென்றே தெரியாமல் கட்டிப்பிடிக்கிறார்கள். பந்து கைக்கு வந்த முதல் தடவை, இரண்டாவது, மூன்றாவது... நான்காவதில் எதிரணியின் லெனர்ட் ஃபிளாய்ட் இழுத்துச் சாய்த்தார். ராஜர்ஸ் எழுந்தார், அப்புறம் அப்படியே உட்கார்ந்தார். இடது குதிகால் தசைநார் அறுந்துவிட்டது. சீசன் முடிந்தது! அடுத்த வருடம் 17 ஆட்டமும் ஆடினார், ஜெட்ஸ் ஜெயித்தது ஐந்துதான். 2025இல் அனுப்பினார்கள், டெட் மணி 4.9 கோடி. சுவர் இருந்தால்தானே ஐயா சித்திரம்?

அந்தச் சுவர் எதன் மேல் நிற்கிறது? பிளாஸ்டிக் புல்! ராஜர்ஸ் விழுந்ததற்குத் தரைதான் காரணம் என்று யாரும் நிரூபிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் செயற்கைப் புல்லில், யாரும் இடிக்காமலே காலில் வரும் காயம் 28 சதவீதம் அதிகம் என்று வீரர்கள் சங்கம் 2020இல் சொன்னது. 2012 முதல் 2018 வரையிலான கணக்கு அது. லீக் மறுக்கிறது. மறுக்கட்டும். உலகக் கோப்பைக் கால்பந்து என்றால் மட்டும் அதே மைதானத்துக்கு நிஜப் புல் வருகிறதே, எப்படி?

உறுப்பினர் அம்மா மன்னிக்க வேண்டும். நம் பள்ளி மைதானத்துக்கும் அதே பிளாஸ்டிக்கை விரிக்கத் திட்டம் இருக்கிறது. ராஜர்ஸுக்கு உத்தரவாதப் பணம் இருந்தது. நம் பிள்ளைகளின் முழங்காலுக்கு யார் உத்தரவாதம்?

பாதுகாப்பு விதிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஆனால் செயலாளர் கடிகாரத்தைத் தட்டுகிறார். பள்ளிக்குப் பிளாஸ்டிக் புல் வேண்டாம் என்று கேட்கும் கையெழுத்துத் தாள் போண்டா மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது. முதலில் கையெழுத்து, அப்புறம் போண்டா. போன முறை பாதிப் பெயர்கள் எண்ணெயில் அழிந்துவிட்டன.