மூன்றாவது ஃப்ரெட்டில் ஒரு பாட்டு

வணக்கம் நேயர்களே.

தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் பேஸ் கித்தாரைக் கற்க வருகிறவர்களுக்கு நான் முதலில் கொடுக்கும் பாட்டு ‘மை கேர்ள்’. டெம்ப்டேஷன்ஸ் குழு பாடி 1964 டிசம்பரில் வெளிவந்தது. அடுத்த மார்ச்சிலேயே அமெரிக்காவின் பில்போர்ட் பாடல் தரவரிசைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. மூன்று நிமிடம்கூட ஓடாத பாட்டு. குரல் பிறகுதான் வரும், கித்தாரும் பிறகுதான். பேஸ்தான் முதலில் வந்து கதவைத் திறக்கிறது.

அந்தத் தொடக்கத்தில் இருப்பவை இரண்டே சுரங்கள்: ஸ, அதற்குக் கீழே இருக்கிற ப. தம்பூராவில் கேட்டுக் கேட்டுப் பழகிய அதே ஜோடி. அது அசையாமல் உட்கார்ந்த பிறகு கித்தார் ஸ ரி க ப த ஸ என்று படியேறி வரும். ஆமாம், மோகன ராகத்தின் ஆரோகணம் அப்படியே! அதை வாசித்தவர் ராபர்ட் வைட். பாட்டை எழுதியவர்கள் ஸ்மோக்கி ராபின்சனும் ரொனால்ட் வைட்டும். பேஸ் வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன். இன்று நான் முக்கியமாகப் பேச வந்தது அவரைப் பற்றித்தான்.

முதலில் கையில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பாட்டு ஸி மேஜரில் தொடங்குகிறது, அதாவது மேற்கத்திய இசையில் ஸி என்கிற சுரம்தான் இங்கே ஸ. கித்தார் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளுக்குத்தான் ஃப்ரெட் என்று பெயர். ஏ கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டை அழுத்தினால் ஸி. பக்கத்தில் இருக்கும் தடித்த ஈ கம்பியில், அதே மூன்றாவது ஃப்ரெட்டில் ஜி, அதாவது கீழே இருக்கிற அந்த ப. பாட்டு அடுத்து எஃப்புக்குப் போகும்போது, மறுபக்கத்து டி கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டிலேயே எஃப் கிடைத்துவிடும். இடது கை ஊர் சுற்றவே வேண்டியதில்லை. பத்து நிமிடத்தில் யாரும் பிடித்துவிடலாம்.

கஷ்டம் நிறுத்துவதில்தான் இருக்கிறது. அந்தச் சுரங்களுக்கு நடுவே ஒரு வெற்றிடம் வருகிறது. நான் இளைஞனாக இருந்தபோது அந்த வெற்றிடத்தைப் பொறுக்க முடியாமல் அதற்குள் நான்கைந்து சுரங்களைத் திணிப்பேன். ஒருநாள் ஒத்திகையில் டிரம்ஸ் வாசித்த அண்ணன் குச்சிகளை மடியில் வைத்துவிட்டு, “தம்பி, அந்த இடத்தைத் தொடாதே, பாட்டு அங்கேதான் மூச்சு விடுகிறது” என்றார். அதற்கப்புறம் பல வாரம், சுரத்தை எங்கே தொடங்குவது என்பதை விட்டுவிட்டு எங்கே முடிப்பது என்பதை மட்டும் பழகினேன். இடது விரலின் அழுத்தத்தைத் தளர்த்த வேண்டும், ஆனால் கம்பியை விட்டு விரலை எடுக்கக் கூடாது. எடுத்தால் கம்பி தானாக முனகும். சீக்கிரம் தளர்த்தினால் பாட்டு விக்குகிற மாதிரி இருக்கும். தாமதமானால் சுரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் குழைந்துவிடும்.

ஜேமர்சன் 1936-ல் தென் கரோலினாவின் எடிஸ்டோ தீவில் பிறந்தவர். பதின்ம வயதில் டெட்ராய்ட் நகருக்கு வந்து, பள்ளியில் ஆளுயர டபுள் பேஸ் கற்றார். வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றை மட்டும் வைத்து மீட்டும் பழக்கம் அங்கிருந்து வந்தது. பிறகு 1962-ஆம் ஆண்டு மாடல் ஃபெண்டர் பிரிசிஷன் என்ற மின்சார பேஸ் கித்தாரை எடுத்தபோதும் அந்தப் பழக்கத்தை அவர் விடவில்லை. அந்த ஒற்றை விரலுக்குக் ‘கொக்கி’ என்றே பட்டப்பெயர் வந்தது! ஏ கம்பியை மீட்டிய அதே இழுப்பில் விரல் ஈ கம்பிக்கும் வந்து சேரும். இரண்டு விரல் மாற்றி மாற்றி வாசிப்பவர்களுக்கு அந்த நடை எளிதில் வராது. தட்டையாகச் சுற்றிய தடித்த கம்பிகள், அவற்றை அவர் மாற்றுவதே அபூர்வம். கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜின் மூடிக்கு உட்புறத்தில் ஒரு துண்டு ஸ்பாஞ்ச் கம்பிகளை மெல்ல அழுத்திக்கொண்டிருக்கும். அதனால் ஒலி உருண்டையாக எழுந்து உடனே அடங்கும். நான் விரலால் கஷ்டப்பட்டுச் செய்ததில் பாதியை அவருடைய ஸ்பாஞ்சே செய்துகொடுத்தது என்று பின்னால்தான் புரிந்தது.

இந்தப் பாட்டை வெளியிட்ட மோடவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் டெட்ராய்ட் ஸ்டூடியோ ஒரு சாதாரண வீடு. அங்கிருந்த சிறிய ஒலிப்பதிவு அறைக்கு வாத்தியக்காரர்கள் வைத்த பெயர் ‘பாம்புக் குழி’. அந்த அறையிலிருந்துதான் இந்தப் பாட்டு வந்தது. நடுவே வயலின்கள் எழுந்து அடங்கியதும் சுருதி ஸியிலிருந்து டிக்கு ஏறும். பேஸ்காரரின் கை இரண்டு ஃப்ரெட் தள்ளி ஐந்தாவது ஃப்ரெட்டில் போய் உட்காரும், அவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டு ஃப்ரெட்டில், பாட்டைப் பாடிய டேவிட் ரஃபினின் குரல் எவ்வளவு உயரம் போய்விடுகிறது, பாருங்கள்.

இத்தனை செய்தவரின் பெயர் இசைத்தட்டில் கிடையாது. மோடவுன் தன் வாத்தியக்காரர்களின் பெயரை அப்போது அச்சிடுவதில்லை. 1971-ல் மோடவுன் பாடகர் மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ ஆல்பம் வந்தபோதுதான் உறையில் ‘ஒப்பற்ற ஜேம்ஸ் ஜேமர்சன்’ என்று போட்டார்கள். அதற்குள் அவர் வாசித்த எத்தனையோ பாட்டுகளை உலகம் முணுமுணுத்துக்கொண்டிருந்தது, யார் வாசித்தது என்று தெரியாமலே. அவருடைய அந்த பேஸ் திருடு போனது. கொஞ்ச நாளிலேயே, 1983-ல், 47 வயதில் அவர் காலமானார். இசைக் கலைஞர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் அவருக்கு இடம் கொடுத்தது 2000-ல். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும். அதனால்தான் என் மாணவர்களிடம் கம்பியைத் தொடுவதற்கு முன்பு அவர் பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லச் சொல்கிறேன்.

அடுத்து அந்தப் பாட்டையே போடப்போகிறார்கள். வானொலியின் ஒலியைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள். கித்தார் வருவதற்கு முன், முதல் சில நொடிகள். அங்கே இருக்கிறார் ஜேமர்சன்.