மறுபடியும் பிறப்பதா, மேலிருந்து பிறப்பதா? யோவான் 3-இல் ஒரே ஒரு சொல்

[திரையில்: இருட்டு. ஒரு எண்ணெய் விளக்கு. பின்னணி இசை இல்லை.]

யோவான் நற்செய்தி, மூன்றாம் அதிகாரம். எருசலேமில் ஓர் இரவு. பரிசேயர் என்ற கண்டிப்பான யூத சமயப் பிரிவைச் சேர்ந்த ஒருவர், யூதருக்குள்ளே அதிகாரி, பெயர் நிக்கொதேமு, இயேசுவைத் தேடி வருகிறார். "ரபீ" என்று மரியாதையாகத்தான் பேச்சை ஆரம்பிக்கிறார். இன்னும் எதையும் கேட்கவே இல்லை. அதற்குள் இயேசு சொல்லிவிடுகிறார்: "ஒருவன் மறுபடியும் பிறவாவிட்டால் தேவனுடைய ராஜ்யத்தைக் காணமாட்டான்."

பிரசங்கங்களில் எத்தனையோ முறை கேட்ட வசனம். ஆனால் இதிலுள்ள 'மறுபடியும்' என்ற சொல்லை நின்று நிதானித்துப் பார்த்தால்தான் கிருபை, அதாவது தகுதி பார்க்காமல் தேவன் தரும் தயவு, என்றால் என்ன, புதிய வாழ்வு எங்கிருந்து தொடங்குகிறது என்பது பிடிபடும்.

[திரையில்: 'அனோதென்' என்ற சொல், பெரிய எழுத்தில்.]

கிரேக்க மூலத்தில் இருக்கும் சொல் 'அனோதென்'. அதற்கு இரண்டு பொருள் உண்டு: 'மறுபடியும்' என்பது ஒன்று, 'மேலிருந்து' என்பது மற்றொன்று. இதில் எதை எடுப்பது? யோவானிடமே கேட்டுவிடலாம். இந்தச் சொல் அவருடைய நற்செய்தியில் ஐந்து இடங்களில் வருகிறது. இரண்டு இடங்கள் இந்த உரையாடலிலேயே, 3-ஆம் வசனமும் 7-ஆம் வசனமும். மற்ற மூன்றையும் பாருங்கள். 3:31-இல், "உன்னதத்திலிருந்து வருகிறவர்." 19:11-இல் பிலாத்துவிடம் இயேசு சொல்கிறார், பரத்திலிருந்து கொடுக்கப்படாவிட்டால் என்மேல் உமக்கு அதிகாரம் இராது என்று. 19:23-இல், சிலுவையடியில் போர்ச்சேவகர் கையில் அவருடைய அங்கி.

இந்த அங்கியைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். அதில் தையல் கிடையாது. "மேலே தொடங்கி முழுவதும் நெய்யப்பட்டதாயிருந்தது" என்கிறது பழைய தமிழ் வேதாகமம். அந்த 'மேலே தொடங்கி'தான் அனோதென். ஒரு நூல் மேலே ஆரம்பித்து அறுபடாமல் கீழ்வரை வந்திருக்கிறது. இரண்டு துண்டுகளை ஒட்டி முடித்த உடை என்றால் கிழித்துப் பங்கு போட்டிருப்பார்கள். இதைக் கிழிக்க மனம் வராமல் சீட்டுப் போட்டார்கள்.

ஆக மூன்று இடங்களிலும் 'மேலிருந்து'. நிக்கொதேமுவோ அதை 'இரண்டாந்தரம்' என்று எடுத்துக்கொள்கிறார். முதிர்வயதில் ஒருவன் தாயின் கர்ப்பத்தில் மறுபடி போக முடியுமா என்று கேட்கிறார். புதிய பிறப்பு என்றதுமே, அதை நான் எப்படிச் செய்வது என்றுதான் அவர் யோசனை ஓடுகிறது. நம் யோசனையும் அப்படித்தான் ஓடுகிறது. 'மறுபடியும்' என்ற மொழிபெயர்ப்பு பிழை என்று நான் சொல்லவில்லை. அந்தப் பொருளும் சொல்லுக்குள் இருக்கிறது. ஆனால் 'மேலிருந்து' என்பதை விட்டுவிட்டால் கிருபை கண்ணில் படாமலே போய்விடும்.

தமிழ் வாசகருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தீத்து 3:5-ஐப் பழைய மொழிபெயர்ப்பு "மறுஜென்ம முழுக்கு" என்கிறது. இறந்தபின் இன்னொரு உடலில் பிறப்பது என்ற எண்ணம் இங்கே தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். அந்த வசனம் பேசுவது அதைப்பற்றி இல்லை. அதே மனிதருக்கு, இதே உடலில், இந்த வாழ்நாளுக்குள் தேவன் கொடுக்கும் உயிரைப்பற்றியது.

[திரையில்: எசேக்கியேல் 36:25–27. வினைச்சொற்கள் ஒவ்வொன்றாக ஒளிர்கின்றன.]

"ஜலத்தினாலும் ஆவியினாலும்" பிறக்க வேண்டும் என்று 5-ஆம் வசனத்தில் இயேசு விளக்குகிறார். நிக்கொதேமு விழிக்கிறார். இஸ்ரவேலில் போதகனாயிருந்தும் இது தெரியவில்லையா என்று கேட்கிறார் இயேசு. அப்படியென்றால் அவர் படித்த வேதத்திலேயே இது இருந்திருக்க வேண்டும். தண்ணீரும் ஆவியும் சேர்ந்து வரும் இடம் எசேக்கியேல் 36. ஒரு பென்சிலை எடுத்து, அந்த மூன்று வசனங்களில் தேவன் "செய்வேன்" என்று சொல்பவற்றை வரிசையாகக் கோடிடுங்கள். சுத்தமான ஜலம் தெளிப்பேன். சுத்தமாக்குவேன். கல்லான இருதயத்தை எடுத்துப்போட்டுச் சதையான இருதயத்தைக் கொடுப்பேன். என் ஆவியை வைப்பேன். இத்தனைக்கும் பிறகுதான் கட்டளைகளின்படி நடப்பது வருகிறது. அங்கேயும் வாக்கியம் எப்படி முடிகிறது பாருங்கள்: "செய்யவும்பண்ணுவேன்." நடப்பவன் மனிதன், நடக்கவைப்பவர் அவர்.

இந்த வரிசை தலைகீழாகும்போதுதான் எல்லாம் கெட்டுப்போகிறது. முதலில் திருந்து, பிறகு தேவன் ஏற்றுக்கொள்வார் என்று போதித்தால் கிருபை கூலியாகிவிடும். உபவாச நாட்களை எண்ணுவதும், ஜெப நேரத்தைக் கணக்குப் பார்ப்பதும் அங்கேதான் தொடங்குகின்றன. உபவாசம் நல்லது. ஆனால் அதை வைத்து எதையும் வாங்க முடியாது.

இந்தப் பிழை பழையது. மனிதன் தன் சொந்த முயற்சியாலேயே நன்மையில் நிற்க முடியும் என்ற பெலாகியு என்ற துறவியின் போதனையை 418-இல் கார்த்தேஜ் நகரில் கூடிய ஆயர் சங்கம் மறுத்தது. விசுவாசத்தின் ஆரம்பம்கூட கிருபையின் ஈவுதான் என்று 529-இல் இன்றைய பிரான்சின் ஆரஞ்சு நகரில் கூடிய சங்கம் உறுதி செய்தது. 16-ஆம் நூற்றாண்டில் இதை ஒட்டித்தான் மேற்கத்திய சபை பிளந்தது. 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் உலக லுத்தரன் கூட்டமைப்பும் கையெழுத்திட்ட பொது அறிக்கை, நம் தகுதியை வைத்து இல்லாமல் கிருபையால் மட்டுமே தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்று சொல்கிறது. ஒருவர் 'கிருபை' என்றும் மற்றவர் 'அருள்' என்றும், ஒருவர் 'ஞானஸ்நானம்' என்றும் மற்றவர் 'திருமுழுக்கு' என்றும் சொன்னாலும், இந்த ஒரு விஷயத்தில் இருவரும் ஒரே பக்கம் நிற்கிறார்கள். 'ஜலம்' என்பது திருமுழுக்கையே குறிக்கிறதா என்பதில் சபைகளுக்குள் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. அது தனி வீடியோவுக்கான விஷயம்.

[திரையில்: கம்பத்தில் வெண்கலச் சர்ப்பம்.]

அப்படியானால் விசுவாசம்? அது நம் பங்கு இல்லையா? இயேசு எடுக்கும் உதாரணம் எண்ணாகமம் 21. வனாந்தரத்தில் பாம்பு கடித்து ஜனங்கள் சாகிறார்கள். மோசே வெண்கலத்தில் ஒரு சர்ப்பத்தைச் செய்து கம்பத்தில் தூக்கி வைக்கிறார். கடிபட்டவன் அதை நோக்கிப் பார்த்தால் பிழைப்பான். விஷத்தை உறிஞ்சச் சொல்லவில்லை, மூலிகை தேடச் சொல்லவில்லை. பார்ப்பது மட்டும்தான். பார்ப்பவனுடைய கண்ணில் மருந்து இருக்கிறது என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

அதே சர்ப்பத்தின் பிற்காலக் கதையைப் பலர் கவனிப்பதில்லை. 2 இராஜாக்கள் 18:4-இல் ஜனங்கள் அதற்குத் தூபம் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். எசேக்கியா ராஜா அதை உடைத்துப் போடுகிறார். விசுவாசத்துக்கும் இது நேரலாம். "என் விசுவாசம் போதுமா, அதில் பலம் இருக்கிறதா" என்று ஒருவர் இரவும் பகலும் தன்னையே சோதித்துக்கொண்டிருந்தால், அவர் கண் கம்பத்தைவிட்டுத் தன்மேல் திரும்பிவிட்டது. அப்படிப்பட்டவரிடம் "இன்னும் அதிகமாக விசுவாசியுங்கள்" என்று சொல்வது கொடுமை. கிறிஸ்து யார், என்ன செய்தார் என்பதை அவருக்கு மறுபடி சொல்லுங்கள்.

இந்தச் சர்ப்ப உதாரணத்துக்குப் பிறகுதான் யோவான் 3:16 வருகிறது. 'கிருபை' என்ற சொல் யோவானில் முதல் அதிகாரத்துக்கு அப்புறம் வருவதே இல்லை. ஆனால் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் இந்த வசனத்தின் வினைச்சொல்லைப் பாருங்கள்: "தந்தருளி." தருவதோடு அருளும் சேர்ந்து ஒரே சொல்லாகிவிட்டது. மொழிபெயர்த்தவர் தமிழின் காதோடு எழுதியிருக்கிறார்.

[திரையில்: காற்றில் அசையும் தென்னை ஓலை.]

"நீங்கள் எந்தத் தேதியில் மறுபடியும் பிறந்தீர்கள்?" சில கூட்டங்களில் இப்படிக் கேட்பார்கள். தேதி சொல்ல முடிந்தவர்கள் சொல்லட்டும், அது சந்தோஷம். சொல்ல முடியாதவர்கள் நிலைகுலைந்துபோக வேண்டாம். காற்று எங்கிருந்து வருகிறது என்று தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும் என்கிறார் இயேசு. கிரேக்கத்தில் காற்றுக்கும் ஆவிக்கும் ஒரே சொல், 'புனெவ்மா'. கண்ணீர் வந்ததா, உடல் சிலிர்த்ததா என்பதும் அளவுகோல் ஆகாது.

அளவுகோல் வேண்டுமென்றால் யோவானின் முதல் நிருபத்தில் இருக்கிறது. 2:29 நீதியைச் செய்வதைச் சொல்கிறது, 4:7 அன்பைச் சொல்கிறது, 5:1 இயேசுவே கிறிஸ்து என்ற விசுவாசத்தைச் சொல்கிறது. மூன்றிலும் 'பிறந்தவன்' என்பதன் கிரேக்க வினை, முன்பே நடந்து முடிந்து இன்றும் நிலைக்கிற ஒன்றைக் குறிக்கும் வடிவம். பிறப்பு முன்னால், செயல் பின்னால். குறைச்சலில் இருக்கும் சகோதரனைக் கண்டு மனதை அடைத்துக்கொள்கிறவனிடம் தேவ அன்பு எப்படி நிலைக்கும் என்று அதே நிருபத்தின் 3:17 கேட்கிறது. கிருபை உண்டே, எப்படியும் வாழலாம் என்பவருக்கு ரோமர் 6-இல் பவுல் தரும் பதிலும் இந்தத் திசையில்தான்: செத்துப் பிழைத்தவன் பழைய கல்லறைக்குள் எப்படிக் குடியிருப்பான்?

[திரையில்: மாலை வெளிச்சம்.]

நிக்கொதேமு என்ன ஆனார்? மூன்றாம் அதிகாரத்தில் அவர் பேச்சு ஒரு கேள்வியோடு நின்றுபோகிறது. மனம் மாறினார் என்று யோவான் எழுதவில்லை, தேதியும் இல்லை. ஏழாம் அதிகாரத்தில் ஆலோசனைக்காரர் நடுவில், விசாரிக்காமல் ஒருவனைத் தீர்க்கலாமா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டு ஏச்சு வாங்குகிறார். பிறகு 19:39. இயேசு சிலுவையில் இறந்துவிட்டார், சீஷர்கள் ஓடிப்போயிருந்த நேரம். ஆரம்பத்தில் ஓர் இரவில் வந்தவர் என்று அவரை நினைவுபடுத்திவிட்டு யோவான் எழுதுகிறார்: அடக்கத்துக்கான நறுமணப் பொருட்களான வெள்ளைப்போளமும் கரியபோளமும் கலந்து ஏறக்குறைய நூறு இராத்தல் கொண்டுவந்தார். அக்கால ரோம இராத்தல் சுமார் 327 கிராம். நூறு என்றால் கிட்டத்தட்ட 33 கிலோ, நம் 25 கிலோ அரிசிச் சிப்பத்தைவிடக் கனம். மறைத்து எடுத்துவரக்கூடிய சுமை இல்லை அது. சூரியன் அடையுமுன், எருசலேம் பார்க்க, அதைக் கொண்டுவந்து இயேசுவின் உடலைச் சுற்றினார்.