விதையும் முட்டையும்: பி. ஆர். அடிகாவின் ஆய்வு வாழ்க்கை

பெரியோர்களே, ஆசிரியப் பெருமக்களே, மாணவ மாணவியரே, வணக்கம்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பவர் பேர்டூர் ராதாகாந்த அடிகா. 1935-இல் பிறந்து 2006-இல் மறைந்தவர். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் உயிர்வேதியியல் துறையில் உழைத்து, 1980-இல் சாந்தி சுவரூப் பட்நாகர் விருது பெற்றவர். இவ்வளவு சொன்ன பிறகும் இந்த அரங்கில் பலருக்கு அந்தப் பெயர் புதிதாகத்தான் இருக்கும். அது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. கேசரிப் பருப்பில் மனிதனின் கால்களை முடக்கும் பொருள் எது என்று கண்டு சொன்ன சிலரில் ஒருவர் அவர். அவரைப் பற்றித் தமிழில் ஒரு மணி நேரம் பேசக் கிடைத்த வாய்ப்பை விட்டுவிட எனக்கு மனமில்லை.

அவருடைய கட்டுரைகளின் தலைப்புகளை மட்டும் படிப்பவர், இது இரண்டு தனித்தனி ஆட்களின் வேலை என்று நினைத்துவிடக்கூடும். ஒரு பக்கம் பருப்புச் செடியும் அதன் நொதிகளும். இன்னொரு பக்கம் கோழி, எலி, குரங்கு, கர்ப்பம். எனக்கு இரண்டும் ஒரே கேள்வியாகத்தான் படுகின்றன. ஒரு தாய், தன்னைப் பிரிந்து போகப்போகும் உயிருக்கு என்ன சேர்த்து வைக்கிறாள், அதை எப்படிக் கொண்டுபோய்ச் சேர்க்கிறாள்? விதையும் முட்டையும் வழிப்பயணத்துக்குத் தாய் கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு. அந்தப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்ப்பதே அடிகாவின் வாழ்நாள் வேலையாக இருந்தது.

முதலில் விதை.

கேசரிப் பருப்பை நம்மில் பலர் கலப்படச் செய்திகளில்தான் கேள்விப்பட்டிருப்போம். துவரம்பருப்பிலும் கடலை மாவிலும் அதைக் கலந்து விற்றதாக வழக்குகள் வந்திருக்கின்றன. ஆனால் மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், பீகார் பகுதிகளில் அது ஏழையின் பயிர். மழை பொய்த்தாலும் தாங்கும், வயலில் நீர் தேங்கினாலும் தாங்கும். மற்றதெல்லாம் கருகிப்போன ஆண்டில் இது மட்டும் நிற்கும். அப்படிப்பட்ட பஞ்ச காலத்தில் இதையே முதன்மை உணவாக மாதக்கணக்கில் உண்டவர்களுக்குக் கால்கள் விறைத்தன. அந்த நோய்க்கு லதைரிசம் என்று பெயர். மருத்துவர்கள் அதன் நிலைகளை எப்படிப் பிரித்தார்கள் தெரியுமா? கோல் இல்லாமல் நடப்பவர், ஒரு கோல் ஊன்றுபவர், இரு கோல் ஊன்றுபவர், தவழ்பவர். ரேவா, சத்னா பகுதிகளில் பண்ணையடிமைகளுக்கு இந்தப் பருப்பையே கூலியாக அளந்தார்கள். உழைப்பவனின் கால்களை, உழைப்புக்குக் கிடைத்த கூலியே பறித்துக்கொண்டது. பாதிக்கப்பட்டவர்களில் இளைஞர்கள் மிகுதி என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

1961-இல் உணவுக் கலப்படத் தடை விதிகளின் கீழ் இதன் விற்பனைக்குத் தடை வந்தது. அப்போது அந்தப் பருப்பில் இருக்கும் நஞ்சு எது என்று ஒருவருக்கும் தெரியாது. சட்டம் முந்திக்கொண்டது, வேதியியல் பின்னால் வந்தது. சில மாநிலங்களில் சாகுபடி தொடர்ந்துகொண்டே இருந்தது. பசித்தவனிடம் பருப்பைச் சாப்பிடாதே என்று சொன்னால் போதாது. எதை நீக்கினால் சாப்பிடலாம் என்று சொல்ல வேண்டும். அதற்கு நஞ்சைக் கையில் எடுத்துக் காட்டியாக வேண்டும்.

பேராசிரியர் பி. எஸ். சர்மாவின் ஆய்வகத்தில் இளம் ஆய்வாளர்களாக இருந்த அடிகாவும் எஸ். எல். என். ராவும் இந்த வேலையில் இறங்கினார்கள். பருப்பை அரைத்து, சாராயம் கலந்த நீரில் சாற்றை இறக்கி, பிசின் நிரப்பிய குழாய்களில் ஊற்றிப் பிரித்தார்கள். ஆனால் எந்தப் பகுதியில் நஞ்சு இருக்கிறது என்று எப்படி அறிவது? வளர்ந்த எலிக்குச் செலுத்தினால் ஒன்றும் நடப்பதில்லை. இந்த இடத்தில் பலர் கைவிட்டிருப்பார்கள். பிறந்து ஒரு நாளே ஆன கோழிக்குஞ்சுக்குச் செலுத்தினால் கழுத்து முறுக்கிக்கொள்கிறது, தலை பின்னால் வளைகிறது, வலிப்பு வருகிறது. வளர்ந்த விலங்கின் மூளைக்கு இரத்தத்திலிருந்து கண்டதும் புகாதபடி ஒரு தடுப்பு உண்டு, குஞ்சில் அது இன்னும் முழுமையாக அமைந்திருக்காது. சரியான சோதனை விலங்கைத் தேர்ந்ததில்தான் இந்த ஆய்வின் பாதி வெற்றி இருக்கிறது என்பேன்.

1964-இல் அந்த மூவரின் கட்டுரை 'பயோகெமிஸ்ட்ரி' இதழில் வந்தது. பீட்டா-என்-ஆக்ஸாலைல்-டைஅமினோபுரோப்பியோனிக் அமிலம் என்பது நஞ்சின் பெயர். வாய்க்குள் நுழையாத இந்தப் பெயரை ஓடாப் என்று சுருக்கிச் சொல்கிறோம். அதே ஆண்டு டெல்லியில் இன்னொரு குழுவும் இதே பொருளைப் பிரித்தெடுத்தது. இது புரதத்தில் சேராத ஓர் அமினோ அமிலம். நரம்புகள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்லப் பயன்படுத்தும் குளுட்டமேட்டைப் போன்ற தோற்றம் கொண்டது. நரம்புச் செல் ஏமாந்துபோகிறது, ஓயாமல் தூண்டப்படுகிறது, தசைகளை இயக்கும் நரம்புகள் நலிகின்றன.

மூலக்கூறு தெரிந்ததும் வழிகள் திறந்தன. அது நீரில் கரையும், ஆகவே வெந்நீரில் ஊறவைத்து நீரை வடித்துவிட்டால் நஞ்சு பெருமளவு குறையும் என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது. விதைக்கு விதை ஓடாப் அளவை அளந்து, குறைவாக உள்ள செடிகளைத் தேர்ந்தெடுக்க முடிந்தது. இன்று உழவர்களிடம் இருக்கும் ரத்தன், பிரதீக், மகாதியோரா ஆகிய ரகங்கள் அந்த அளவீட்டின் பிள்ளைகள். அதே விதையிலிருந்து ஹோமோஆர்ஜினின் என்ற இன்னோர் அமினோ அமிலத்தையும் 1963-இல் பிரித்தெடுத்தார்கள். இன்று இதயநோய் ஆய்வாளர்கள் மனித இரத்தத்தில் அதன் அளவைக் கவனித்துப் பார்க்கிறார்கள்.

அந்தச் செடியை அடிகா அதோடு விட்டுவிடவில்லை. தனக்கென்று மாணவர்கள் அமைந்த பிறகும், முளைவிடும் கேசரி நாற்றுகளில் பாலிஅமீன்கள் எப்படி உருவாகின்றன என்று பார்த்தார். செல் பிரியும் இடத்திலெல்லாம் இருக்கும் சிறு மூலக்கூறுகள் இவை. முளைக்கும் விதையிலும் உண்டு, ஆணின் விந்திலும் உண்டு. ஆக்மட்டின் என்ற பொருளைப் புட்ரெசின் என்ற பாலிஅமீனாக மாற்றும் வேலையின் பல படிகளை ஒரே நொதி செய்துமுடிக்கிறது என்று 1981-இல் அவரும் அவர் மாணவரும் காட்டினார்கள். இதை விரித்தால் மாலை முடிந்துவிடும். கோழிக்குப் போவோம்.

பச்சை முட்டையை ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் உடைத்து ஊற்றி, வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். வெண்கரு முழு வெண்மையாக இருக்காது. இளம்பச்சை கலந்த மஞ்சள் சாயல் ஒன்று தெரியும். அது ரைபோஃப்ளேவின், அதாவது வைட்டமின் பி2. அது தனியாக மிதப்பதில்லை. ரைபோஃப்ளேவின் சுமக்கும் புரதம் ஒன்று அதைப் பிடித்து வைத்திருக்கிறது. ஒரு புரதத்துக்கு ஒரு வைட்டமின், பிடியோ மிக இறுக்கம்.

இந்தப் பிடியைக் கண்ணாலேயே பார்க்கலாம் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. ரைபோஃப்ளேவின் கரைசல் புறஊதா ஒளியில் பளிச்சென்று மஞ்சள்பச்சையாக ஒளிரும். வைட்டமின் நீக்கப்பட்ட புரதக் கரைசலை எடுத்துக்கொண்டு அதில் ரைபோஃப்ளேவினைத் துளித்துளியாக விடுங்கள். ஒளி வராது. புரதம் விழுங்கிக்கொள்ளும் ஒவ்வொரு மூலக்கூறும் அணைந்துபோகிறது. விட்டுக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில், ஒரே துளியில், குழாய் ஒளிரத் தொடங்கும். புரதம் நிறைந்துவிட்டது என்று பொருள். எவ்வளவு புரதம் இருந்தது, எவ்வளவு இறுக்கமாகப் பிடித்தது என்பதெல்லாம் இதிலிருந்தே கணக்கிடலாம். அமிலத்தன்மையைக் கூட்டினால் புரதம் பிடியை விட்டுவிடும், வைட்டமின் வெளியே வந்து மறுபடி ஒளிரும்.

இந்தப் புரதம் எதற்கு? அதற்கு இயற்கையே ஒரு சோதனை செய்து வைத்திருந்தது. ஒரு கோழி மரபில் பிறவியிலேயே இந்தப் புரதம் கிடையாது. பெட்டைக் கோழி நன்றாகத்தான் இருக்கும், முட்டையும் இடும். ஆனால் அந்த முட்டையில் பி2 மிகக் குறைவாகவே இருக்கும். உள்ளே வளரும் கரு 13-ஆம் நாள் வாக்கில் இறந்துவிடும், பொரிப்பதற்கு 21 நாள் வேண்டும். கோழிக்கு எவ்வளவு வைட்டமின் ஊட்டினாலும் பயனில்லை, அது சிறுநீரோடு போய்விடும். முட்டைக்குள் நேரடியாக ஊசியால் ரைபோஃப்ளேவின் செலுத்தினால் கரு பிழைத்துக்கொள்ளும். தாயிடம் சத்து இருந்தால் மட்டும் போதாது, சுமந்து போய்க் கொடுக்க ஆள் வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது.

அந்த ஆளை அனுப்பச் சொல்வது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண்பால் ஹார்மோன். ஆண் குஞ்சுக்கு இந்தப் புரதம் தேவையே இல்லை, அதன் இரத்தத்தில் இயல்பாக இருப்பதும் இல்லை. ஈஸ்ட்ரோஜன் ஊசி போட்டால் அதன் கல்லீரல் புரதத்தைத் தயாரிக்கத் தொடங்கிவிடுகிறது. அடிகாவின் ஆய்வகம் இந்தத் தூண்டலை நுட்பமாக அளந்தது. தயமினை, அதாவது பி1-ஐ, சுமக்கும் புரதத்தையும் முட்டையிலிருந்து கே. முனியப்பாவுடன் சேர்ந்து தனித்தெடுத்தது.

இங்கேதான் அவர் மற்றவர்கள் கேட்காத கேள்வியைக் கேட்டார். கோழி எல்லாவற்றையும் முன்கூட்டியே ஓட்டுக்குள் அடைத்துவிடுகிறது, ஆகவே சுமக்கும் புரதம் அவசியம். பாலூட்டிக்கு நஞ்சுக்கொடி இருக்கிறது, தாயின் இரத்தத்திலிருந்து நாள்தோறும் சத்து போகிறது. அங்கும் இப்படியொரு சுமப்பாளர் வேண்டுமா? வேண்டாம் என்று நினைப்பதுதான் இயல்பு. அவர் கர்ப்பமான எலியின் இரத்தத்தில் தேடினார். கோழிப் புரதத்துக்கு எதிராக உருவாக்கிய எதிர்ப்பொருள், எலி இரத்தத்திலிருந்த ஒரு புரதத்தையும் அடையாளம் கண்டது. பிறகு சந்தியா விஸ்வேஸ்வரய்யாவுடன் சேர்ந்து, கர்ப்பிணிப் பெண்களின் இரத்தத்திலும் தொப்புள்கொடி இரத்தத்திலும் அத்தகைய புரதத்தைப் பிரித்தெடுத்ததாக 1987-இல் அறிவித்தார்.

புரதம் இருக்கிறது என்பது ஒன்று, அது இல்லாமல் முடியாது என்பது வேறு. பெண் எலிகளின் உடலில் கோழிப் புரதத்தைச் செலுத்தி, அவற்றின் உடலே அதற்கு எதிர்ப்பொருள் உருவாக்கும்படி செய்தார்கள். சினைச் சுழற்சி மாறவில்லை. தாயின் உடல்நலம் கெடவில்லை. கரு கருப்பையில் பதிந்தது, ஆனால் கர்ப்பம் நிலைக்கவில்லை. எதிர்ப்பொருள் குறைந்ததும் எலிகள் மறுபடி ஈன்றன. 1982-இல் 'சயின்ஸ்' இதழ் இதை வெளியிட்டது. அடுத்து பி. பி. சேஷகிரியுடன் நாட்டுக்குரங்குகளிலும் இதே போக்கைக் கண்டார்கள். ஹார்மோனைத் தொடாமல், மீளக்கூடிய ஒரு கருத்தடைத் தடுப்பூசி சாத்தியம் என்ற நம்பிக்கை பிறந்தது. ஆண் விலங்குகளிலும் அது பயன்படுமா என்று பின்னர் சோதித்தார்கள்.

அந்தத் தடுப்பூசி மருத்துவமனைக்கு வரவில்லை. அதனால் இந்த ஆய்வு வீண் என்று பேசுவோருடன் எனக்குச் சிறிதும் உடன்பாடில்லை. கரு பதிந்த பிறகு கர்ப்பத்தைக் கலைக்கும் முறையை மனிதரிடம் கொண்டுசெல்வதற்கு முன் எத்தனை தயக்கம் வந்தாலும் அது நியாயமே. ஆனால் கேட்கப்பட்ட கேள்வி பெரியது, கேட்ட முறை நேர்மையானது. மார்பகப் புற்றுநோய் உள்ள பெண்களின் இரத்தத்தில் இந்தப் புரதத்தின் அளவு உயர்ந்திருப்பதாக 2001-இல் அவர் குழு எழுதியதும் அதே தேடலின் நீட்சிதான். மரபணு வரிசைகளை ஒப்பிடும் காலம் வந்தபோது, கோழிப் புரதத்தை ஒத்த ஒரு புரதம் பாலூட்டிகளின் விழித்திரையில் இருப்பது தெரிந்தது. ஃபோலிக் அமிலத்தைப் பிடிக்கும் நம்முடைய புரதங்களும் அதன் உறவினர்கள்தான்.

மாணவர்களுக்கு ஒரு செய்தி சொல்லி முடிக்கிறேன். செல்லின் சவ்வைத் தாண்டி ரைபோஃப்ளேவினைக் கடத்தும் மூன்று புரதங்கள் மனிதரில் இருப்பதாக இப்போது அறிவோம். இவை அடிகா ஆராய்ந்த புரதம் அல்ல, வேறு குடும்பம். 2011-இல் ஒரு பச்சிளங்குழந்தையின் நோய் பற்றிய ஆய்வறிக்கை வெளியானது. குழந்தையின் இரத்தத்திலும் சிறுநீரிலும் கொழுப்பை எரிக்க முடியாத பரம்பரை நோயின் அறிகுறிகள் இருந்தன. குழந்தையின் மரபணுவில் தேடினால் குறை இல்லை. குறை தாயிடம் இருந்தது. ரைபோஃப்ளேவினைக் கடத்தும் மரபணுக்களில் ஒன்றின் ஒரு பிரதி அவரிடம் இல்லை. வயிற்றுக்குள் இருந்தவரை குழந்தைக்கு வைட்டமின் போதவில்லை. ரைபோஃப்ளேவின் கொடுத்ததும் குழந்தை தேறியது. அந்தக் கோழி மரபின் முட்டைக்கு ஊசி போட்டவர்கள் கண்டது இதையேதான்.

இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.