வழிவிடும் பாலம்

நடுவர் அவர்களே, காரைக்குடி வெக்கையிலும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் ஆச்சிமார்களே, அண்ணன்மார்களே, வணக்கம்.

பாம்பன் பாலத்தின் பெருமை கரையைச் சேர்ப்பதிலா, கப்பலுக்கு வழிவிடுவதிலா? இதுதான் தலைப்பு. எதிரணியில் பேசிய ஆச்சி, "தூக்கி நிற்கிற பாலத்தில் ரயில் போகுமா?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கிவிட்டார். போகாதுதான். ஆனால் ஆச்சி, கரையைச் சேர்ப்பதை நம்மூர் வாய்க்காலில் போட்ட சிமெண்ட் பலகையும் செய்கிறது. அதைப் பார்க்கப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போகிறோமா?

1914-இல் ரயில் ஓடத் தொடங்கிய பழைய பாலத்தை நினைத்துப் பாருங்கள். இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். நடுவில் இரண்டு இரும்புக் கைகள். கப்பல் வந்தால் இரு பக்கமும் ஆட்கள் நின்று கையாலேயே சுற்றுவார்கள். கைகள் மெல்ல மேலே எழும்பும், கோபுரம் பார்த்த நம் கைகளைப் போல. பாக் நீரிணையிலிருந்து மன்னார் வளைகுடாவுக்கு வரும் படகுகளுக்கு இந்தக் கால்வாய்தான் வாசல். அதை அடைத்துவிட்டு, இலங்கையைச் சுற்றிக்கொண்டு வா என்று மீனவரிடம் சொல்ல முடியுமா?

1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே போனது. பயணிகளோடு போன ரயிலும் திரும்பவில்லை. பாலத்தின் உத்தரங்களில் பெரும்பாலானவை கடலோடு போயின. ஆனால் தூக்குப்பாலம் நின்றது! காரணத்தைப் பொறியாளர்கள் சொல்லட்டும். பட்டிமன்றத்துக்காரன் இதை விடுவானா? ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளர் தலைமையில் 46 நாளில் பாலத்தைச் சரிசெய்தார்கள். அது எதிரணிக்குச் சாதகமான செய்திதான், மறைக்க மாட்டேன்.

சரி, 2025 ஏப்ரலில் புதுப்பாலம் திறந்தார்களே, அதில் என்ன செய்தார்கள்? 72.5 மீட்டர் நீளத் துண்டு, லிப்ட் மாதிரி நேராக 17 மீட்டர் மேலே போகிறது. நூறு வருடம் கழித்தும் கடலுக்குக் கொடுத்த வாக்கை யாரும் மீறவில்லை. 1988-இல் திறந்த சாலைப்பாலம் தூக்குவதில்லையே என்பீர்கள். அது படகு போக இடம்விட்டு உயர்ந்தே நிற்கிறது, ஆச்சி.

இது நம் நகரத்தார் வீடுகளுக்குப் புதிதா? கல்யாணமான மகனை வேறு வைக்கிறோம். அதே வீடு, அதே வளவு. அடுப்பு தனி, கணக்குத் தனி. வெளியூர்க்காரர் பார்த்தால் பிரித்துவிட்டார்கள் என்பார். அடுப்புக்கு இடம்விட்டதால்தான் அத்தனை புள்ளியும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு ஜோடியும், ஒரே முகப்பு வழியாகப் போய்வருகிறது. எதிரணி ஆச்சியும் மருமகளை வேறு வைத்தவர்தான். கேட்டுப் பாருங்கள், சிரிக்கிறார்!

அப்புறம், பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வணிகம் செய்ய, போனவர்கள் எந்தப் பாலத்தில் ஏறிப் போனார்கள்? நம் வீட்டுத் தேக்குத் தூண்கள்...

மணி அடித்துவிட்டீர்களா, நடுவர் அவர்களே? தூண்கள் பாதியில் நிற்கின்றன. பரவாயில்லை, அடுத்த பேச்சாளர் வரட்டும். வழிவிடுகிறேன்.