பொங்கி வழிய வேண்டிய இடம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, தை மாதப் பனிக்குத் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு அமர்ந்திருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

'பொங்கலின் உயிர் இருப்பது அடுப்படியிலா, வாசலிலா?' இதுதான் தலைப்பு. வாசலில்தான் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய அம்மையார் பச்சரிசி, பாசிப்பருப்பு, வெல்லம், ஏலக்காய், நெய் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் சபைக்கே நாவூற வைத்துவிட்டு, "இத்தனையும் எங்கிருந்து வருகிறது? அடுப்படியிலிருந்துதானே?" என்று முடித்தார். எல்லோரும் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன், பசி நேரம்.

அம்மா, ஒன்று கேட்கிறேன். வருடத்தின் மற்ற நாட்களில் உங்கள் வீட்டு அடுப்பில் பால் பொங்கி வழிந்தால் என்ன நடக்கும்? "கண்ணை எங்கே வைத்திருந்தாய்?" என்று ஒரு குரல் வரும். அப்புறம் அடுப்பைத் துடைக்க வேண்டும். அதே பால் தை முதல் நாள் வாசலில் பொங்கி வழிந்தால்? குலவை! எந்தப் பக்கம் வழிந்தது, கிழக்கா வடக்கா என்று நாலு தலைகள் எட்டிப் பார்க்கும். உள்ளே குற்றம், வெளியே மங்கலம். குக்கரைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். மூடியை இறுக்கி மூடி, விசிலை எண்ணி, எதுவும் வழியாமல் பார்த்துக்கொள்வதற்கென்றே செய்த பாத்திரம் அது. அதில் பொங்கல் வேகும், பொங்காது.

ருசிதான் உயிர் என்றால், வெண்பொங்கல் எல்லா ஓட்டலிலும் தினமும் காலையில் கிடைக்கிறது. சர்க்கரைப் பொங்கல் கோயிலில் தொன்னையில் கிடைக்கிறது. அதை வாங்கும்போது யாராவது குலவையிட்டு நான் பார்த்ததில்லை.

நான் தாமிரபரணிக் கரையில் பிறந்தவள். எங்கள் பக்கத்தில் பண்டிகைக்கு முன்பே செம்மண்ணைக் குழைத்துப் பொங்கல் கட்டி பிடித்துக் காய வைப்பார்கள். அடுப்புக்கட்டிகள்தான்; ஆனால் சுண்ணாம்பும் காவியும் பூசி, புது மாப்பிள்ளைபோல வாசலில் நிற்கும். மூன்று கட்டிகளைக் கூட்டி அடுப்பாக்கி, மஞ்சள் குலை கட்டிய பானையை ஏற்றி, காய்ந்த பனையோலையை வைத்து எரிப்போம். பனையோலை குபீரென்று பற்றும், அதே வேகத்தில் அடங்கிவிடும். அதனால் ஒருவர் அடுப்பைவிட்டு நகராமல் ஓலையைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஒருவர் எங்கள் வீட்டில் தாத்தா. வருடம் முழுவதும் அடுப்படி நிலைப்படியைத் தாண்டாத மனிதர், அன்றைக்கு மட்டும் புகையில் கண் சிவக்க உட்கார்ந்திருப்பார். ஆச்சி நின்றுகொண்டு உத்தரவு போடுவாள். நடுவர் அவர்களே, இந்தக் காட்சியை எந்த அடுப்படியில் பார்க்க முடியும்?

சிறுவீட்டுப் பொங்கல் என்று ஒன்று உண்டு. வடக்கே இருப்பவர்கள் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். மார்கழி முழுவதும் வாசல் கோலத்தில் சாண உருண்டை வைத்துப் பூசணிப்பூ செருகுவோம் அல்லவா? அதை எறிவதில்லை. பூவோடு சேர்த்து எருவாகத் தட்டிக் காயவைத்துச் சேர்ப்போம். தை பிறந்த பிறகு பெண்பிள்ளைகளுக்கென்று வாசலில் மண்ணால் ஒரு சின்ன வீடு கட்டி, அதற்கு முன்னால் சின்னப் பானையில் பொங்கலிட்டு, எருக்களை ஆற்றில் கொண்டுபோய் விடுவோம். எட்டு வயதில் எனக்கு முதன்முதலாக ஒரு வீடு சொந்தமாக இருந்தது அந்த வாசலில்தான். அதற்குப் பிறகு வாங்கியதெல்லாம் கடனில்.

எதிரணித் தம்பி ஒருவர் ஒரு கேள்வி எழுப்பினார். "அறுவடை செய்தவரை வாசலிலேயே நிற்க வைத்துத்தானே நெல்லும் வேட்டியும் கொடுத்தார்கள்? அந்த வாசலையா கொண்டாடுகிறீர்கள்?" நியாயமான கேள்வி. அப்படி நிற்க வைத்தார்கள், மறுக்க மாட்டேன். ஆனால் தம்பி, அவரை உள்ளே விடாதது எது? உங்கள் கட்சிக்காரரான அடுப்படிதான். இன்று கல்லூரிகளிலும் அலுவலகங்களிலும் சமத்துவப் பொங்கல் வைக்கிறார்களே, எங்கே வைக்கிறார்கள்? முற்றத்தில், மைதானத்தில், எல்லோரும் நிற்கக்கூடிய இடத்தில்.

மற்ற நாட்களையும் பாருங்கள். போகிக்குத் தீ மூட்டுவது தெருவில். அதில் டயரையும் பிளாஸ்டிக்கையும் போட்டுக் கொளுத்துவதை நான் ஆதரிக்கவில்லை. 2018ஆம் ஆண்டு போகியன்று சென்னையில் புகையும் பனியும் சேர்ந்து விமானங்களையே திருப்பிவிட வேண்டியதாயிற்று. எங்கள் அணிக்கு அது ஒரு கரும்புள்ளிதான், ஒப்புக்கொள்கிறேன். மாட்டுப் பொங்கலுக்குக் கொம்புக்கு வண்ணம் அடிப்பது தொழுவத்து வாசலில்; மாடு இல்லாத வீடுகளில் இப்போது டிராக்டருக்குப் பொட்டு வைத்து மாலை போடுகிறார்கள், அதையும் அடுப்படிக்குள் ஓட்டிவர முடியாது. அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று காளைகள் சீறிக்கொண்டு வருவது எதன் வழியாக? வாடிவாசல்! வாடியடுப்படி என்று யாரும் பெயர் வைக்கவில்லை. காணும் பொங்கலுக்கோ வீட்டையே பூட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம்.

"அடுக்குமாடியில் வாசல் ஏது?" என்பீர்கள். நானும் சென்னையில் மூன்றாம் மாடியில்தான் இருக்கிறேன். கதவைத் திறந்தால் எதிர்வீட்டுச் செருப்பு அலமாரி. முதல் வருடம் கேஸ் அடுப்பில் வைத்தேன். வழிந்தால் பர்னர் அடைத்துக்கொள்ளுமே என்ற பயத்தில், பால் எழும்பும்போது என் கையே தீயைக் குறைத்துவிட்டது. "பொங்கலோ பொங்கல்" என்று சொல்ல வாய் வரவில்லை. பொங்கவில்லையே!

அடுத்த வருடம் என் அத்தை ஊரிலிருந்து வந்தார். மொட்டைமாடியில் மணலைப் பரப்பி மூன்று செங்கல்லை வைத்தார். புகை வருகிறது, தரை கறுக்கிறது என்று கீழிருந்து ஆட்சேபம் வந்தது. தரையை நான் கழுவித் தருகிறேன் என்று அத்தை கையெழுத்துப் போடாத குறை. இரண்டாம் மாடியில் ஒரு பஞ்சாபிக் குடும்பம். அதுவரை லிப்டில் தலையாட்டியதோடு சரி. நெருப்பைப் பார்த்ததும் அந்த வீட்டுப் பாட்டி படியேறி வந்துவிட்டார். முந்தின இரவு அவர்களுக்கு லோஹ்ரிப் பண்டிகை. ஊரில் வெளியே தீ மூட்டிச் சுற்றி வருவார்களாம். இங்கே மூட்ட இடமில்லை. கையிலிருந்த எள்ளையும் வேர்க்கடலையையும் எங்கள் அடுப்பில் போட்டார். பால் பொங்கியபோது அத்தை குலவையிட்டார். அந்தப் பாட்டி அதற்கு என்ன செய்வதென்று தெரியாமல் பலமாகக் கை தட்டினார். நான் அடுப்படியில் தனியாக வைத்திருந்தால் அவருக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

நடுவர் மணியைக் கையில் எடுத்துவிட்டார். ஒரே ஒரு சாட்சி, உட்கார்ந்துவிடுகிறேன். இந்தப் பட்டிமன்றத்தையே எங்கே போட்டிருக்கிறார்கள், பாருங்கள் ஐயா! தெருவை அடைத்துப் பந்தல், இரண்டு பக்கமும் கரும்பு, மேடைக்கு முன்னால் கோலம். தீர்ப்புச் சொல்லிவிட்டு இறங்கும்போது அதை மிதித்துவிடாதீர்கள்.

நன்றி, வணக்கம்.